ஒரே ஒரு கெட்டிமேளம்

கல்யாணங்களுக்குப் பாட்டுப் போடுவது என் பிழைப்பு. இளசுகள் டீஜே என்பார்கள். ஓசூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நான் 'பாட்டுக்காரரு'. ஒரு வரிகூடப் பாடியதில்லை, ஆனாலும் அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. வயது நடுவாந்திரம், முழங்கால் அதற்கும் மேல். காதுக்குள் எந்நேரமும் ஒரு வண்டு. கிருஷ்ணகிரிக்கும் கர்நாடக எல்லைக்கும் நடுவில் எந்த மண்டபத்தில் எந்தச் சுவர் எதிரொலிக்கும், எந்தச் சமையல்கட்டில் கிரைண்டர் ஓடினால் என் பெட்டிகள் மூச்சு விடத் திணறும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பர்கூர்க் கல் பதித்த மண்டபங்கள்தாம் மோசம். பாட்டு தரையில் வழுக்கி, தூணில் முட்டி, பாடியதையே இன்னொரு முறை பாடும். சானமாவுப் பக்கம் யானை இறங்கியிருந்தால் வனத்துறைக்காரர் வந்து, "பாஸு, பேஸ கொஞ்சம் எறக்குங்க" என்பார். இறக்கிவிடுவேன். யானைக்கும் ஒரு ரசனை இருக்குமே.

பாட்டுப் போடுவதைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய பேச்சு. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை, அதுவே என் ஆபீஸ். ஷிப்ட் முடிந்த கையோடு, யூனிபாரத்தோடு, கழுத்தில் அடையாள அட்டை ஆட ஜோடி ஜோடியாக வருவார்கள். டார்கெட், ஓவர்டைம் என்று அதுவரை அடித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள், "பொண்ணு மேடைக்கு வரும்போது என்ன பாட்டு?" என்று நான் கேட்டதும் டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொள்வார்கள். அந்த வெட்கத்தைப் பார்க்கத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேனோ என்னவோ. சிலர் கேட்கிற பாட்டில் எனக்கே தலை சுற்றும்.

"சார், இந்த மியூசிக் செமயா இருக்குங்க சார்."

"வரியக் கேளுப்பா. அதுல அந்தப் பொண்ணு இவன விட்டுட்டுப் போயே போயிட்டா."

"அப்டீங்களா? நான் டியூனு மட்டுந்தாங்க கேட்டேன்."

பெண்களை நடந்து பார்க்கச் சொல்வேன், டீக்கடையிலிருந்து பக்கத்துப் பெட்டிக்கடை வரைக்கும். பட்டுப்புடவைக்குள் இருக்கும் கால் வேகப் பாட்டுக்கு ஒத்துவராது, மெதுவான பாட்டுக்குத் தூங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு நடை இருக்கிறது. அந்த நடைக்கு ஒரு பாட்டு கிடைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க நான் பறந்துகொண்டே வண்டி ஓட்டுவேன்.

அப்படி வந்த ஒரு ஜோடியின் கல்யாணம் இது. இரண்டு பேரும் ஒரே கம்பெனி. அவன் பெயின்ட் ஷாப், அவள் அசெம்பிளி லைன். அவனுடையது உத்தனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்கு பேசும் குடும்பம். காலகாலமாகக் கூலிக்குக் காடுகழனி வேலை பார்த்தவர்கள், இப்போது வீட்டில் பாதிப் பேர் கம்பெனி வேனில் ஏறுகிறார்கள். அவளுடைய அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து இங்கேயே ஆலையில் வேர் பிடித்தவர்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் பாட்டைப் பற்றிப் பேசவேயில்லை.

"எங்கப்பா எங்கிட்ட பேசறதில்ல சார். இவர எனக்குப் புடிச்சிருக்குன்னு சொன்ன நாள்லருந்து எதுன்னாலும் எங்கம்மா வழியாத்தான். ஒரே வீட்டுக்குள்ள. இப்ப எங்கம்மாகிட்ட சொல்லியிருக்காரு, 'வாரேன், தாலி கட்டுறதப் பாத்துட்டுப் போயிருவேன்'னு. எனக்கு அது போதும் சார். தாலி ஏறும்போது அவரு பாக்கணும். பாத்துட்டாருன்னா கோவம் நிக்காது. எங்கப்பாவ எனக்குத் தெரியும்."

மேளம் ஒரு தகராறாகவே இருந்திருக்கிறது. பெண் வீட்டுக்குத் தூத்துக்குடியிலிருந்து நாதஸ்வரமும் தவிலும் வர வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்து மேளம்தான் வேண்டும். எந்த மேளம் வந்தாலும் மற்ற வீட்டார் முறைத்துக்கொள்வார்கள். கடைசியில் இவர்களே முடிவெடுத்திருக்கிறார்கள், எந்த மேளமும் வேண்டாம், எல்லாம் என் பெட்டியிலிருந்தே வரட்டும் என்று. இரண்டு வாத்தியத்தையும் நான் சேர்த்துப் பின்னித் தர வேண்டும். கெட்டிமேளம் ஒரே ஒரு தடவைதான். அதிகம் அடித்தால் அது யாருக்கு அடித்தது என்று ஒரு பஞ்சாயத்து எழும்.

"அந்த வார்த்தை உங்களுக்கு என்னப்பா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"எங்களுக்கும் அதாங்க சார். கட்டிமேளம். கன்னடத்துக்காரங்களுக்கும் அதேதான்."

எனக்குத் தாங்கவில்லை. மூன்று பாஷைக்கும் ஒரே வார்த்தை! பஸ் போர்டைக்கூட மூன்று விதமாகப் படிக்கும் ஊரில் எல்லோரும் ஒன்றாக எழுந்து நிற்க ஒரு சொல் இருக்கிறது. குதித்துக்கொண்டு சொன்னேன், "புரோகிதர் வாயிலருந்து அது வந்த நொடியில நான் அமுக்கிடுவேன். நீங்க எதையும் யோசிக்காதீங்க." அவர்கள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ராயக்கோட்டை ரோட்டு மேல் மண்டபம். காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து என் பெட்டிகளின் மீது உட்கார்ந்துகொண்டது. பெண் வீட்டார் பாதிப் பேருக்கு செகண்ட் ஷிப்ட், கம்பெனி வேன் வாசலிலேயே நின்றது. அவளுடைய அப்பா கடைசி வரிசையில், கதவோரத்தில், கையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார். புது வேட்டி விறைப்பாக நின்றது, அவரும் அப்படித்தான்.

மேடையில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஒரு வெள்ளைத் துணியைத் திரையாகப் பிடித்தார்கள். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று மொய்த்துக்கொண்டதில் கீழே இருக்கிற எனக்கு முதுகுகள்தாம் தெரிந்தன. மந்திரம் வேகமெடுத்தது. புரோகிதர் மைக்கில் கத்தினார்.

"கட்டிமேளம்! கட்டிமேளம்!"

அமுக்கினேன். ஐயோ, அந்தச் சத்தம்! தவிலும் அந்தப் பக்கத்து டோலும் கட்டிப் புரண்டு ஓட, நாதஸ்வரம் அவற்றின் தோளில் ஏறி நின்று கூவியது. மண்டபமே எழுந்தது. மஞ்சள் அரிசி பறந்தது. மேடை வரைக்கும் போகச் சோம்பல்பட்டவர்கள் இருந்த இடத்திலிருந்தே வீச, முன்வரிசைக்காரர்களின் பின்கழுத்தெல்லாம் அட்சதை.

அடுத்து பெண் வீட்டார் செய்ததை எந்தத் தமிழ்க் கல்யாண வீட்டாரும் செய்வார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

கெட்டிமேளம் கேட்டுவிட்டால் அடுத்தது இலைதான். நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாரோ ஒரு மச்சான் அவளுடைய அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். "வாரும்யா, தாலி கட்டியாச்சில்லா. பந்தி நெறஞ்சிரும், வேனுக்காரன் வேற ஆரன அடிக்கான்." அவர் மேடைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். முதுகுகள். போய்விட்டார்.

திரையை இறக்கினார்கள். பெண்ணின் கை மாப்பிள்ளையின் தலையில், மாப்பிள்ளையின் கை பெண்ணின் தலையில். இரண்டு தலையிலும் வெற்றிலையில் வைத்துப் பூசிய சீரகமும் வெல்லமும். கழுத்தில் தாலி இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆனந்தத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் நிமிர்ந்தாள். அவள் வீட்டார் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் எல்லாம் காலி. கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடிப் பிடித்து, வெறும் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

மாப்பிள்ளையின் அம்மா என் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றார். "அம்மா, தாலி எங்கங்க?" என்றேன்.

"அது இனிமேதாங்க. இதுதான முகூர்த்தம், சீரகம் வெல்லம் வெக்கறது? தாலி பின்னாடி வரும்."

"பொண்ணு வீட்டுக்காரங்க தாலி கட்டியாச்சுன்னு நெனச்சுட்டாங்க."

"எங்க போயிட்டாங்க?"

"சாப்பிட."

கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ! பொண்ணோட நாயனா, அவங்கப்பாவுமா?"

"அவருந்தாங்க."

புரோகிதர் அதற்குள் தாலியைத் தேங்காய்மேல் வைத்து, எல்லோரும் தொட்டுக் கும்பிடத் தட்டை நீட்டிவிட்டார். அந்தம்மா சேலையை இழுத்துச் சொருகினார். "தட்ட நான் வாங்கி சுத்தறேன். மெல்லமா சுத்தறேன். நீங்க அவர வரவைங்க." போய்த் தட்டை வாங்கினாரே, கல்யாணத் தட்டு அவ்வளவு நிதானமாக ஊர்வலம் போய் நான் பார்த்ததில்லை. கைக்குழந்தை, வீடியோக்காரர், வாட்ச்மேன் என்று ஒருவரையும் விடவில்லை. புரோகிதர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

பந்தி நடப்பது மண்டபத்தின் பின்கட்டில். என் முழங்கால் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடாது. மைக் புரோகிதரிடம். ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் என் பெட்டி ஒன்று இருந்தது. என்ன பாட்டுப் போட்டால் இலைமுன் உட்கார்ந்த மனிதர் எழுந்து வருவார்? இத்தனை வருஷத்தில் எந்த ஜோடியும் என்னிடம் கேட்காத கேள்வி. விரல் பொத்தான்கள்மேல் தவித்தது. அப்போது கண்ணில் பட்டது, சாயங்கால ஆட்டத்துக்கென்று மாப்பிள்ளையின் நண்பர்கள் போனில் பிடித்துக் கொடுத்திருந்த ஆலைச் சங்கு.

அதைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மட்டும் திருப்பினேன். முழுச் சத்தம்.

ஓசூரில் சங்குச் சத்தத்துக்கு யாரும் யோசிப்பதில்லை, கால்தான் யோசிக்கும். பெஞ்சுகள் தள்ளப்படுகிற ஓசை இங்கே கேட்டது. எழுந்த வேகத்தில் மொத்தப் பந்தியும் வாசலில் நிற்கிற வேனை நோக்கி ஓடிவந்தது. வாசலுக்கு வழி மண்டபத்தின் நடுவேதான்.

"வேன் கெளம்பிருச்சா?"

"சிலிண்டரு கிலிண்டரு வெடிச்சிருச்சாங்க?"

முன்னால் வந்தவர் மேடையைப் பார்த்து அப்படியே நிற்க, பின்னால் வந்தவர்கள் அவர்மேல் மோதினார்கள்.

"ஏல, இப்பத்தான் தாலியக் கையில எடுக்கான்!"

"அப்பம் அங்கன கட்டுனது?"

"அது வெல்லமாம்ல."

"வெல்லத்துக்கா அம்புட்டு அரிசியையும் எறிஞ்சோம்!"

அவளுடைய அப்பா அந்த நெரிசலிலிருந்து வெளியே வந்தார். வலது கையில் சாம்பார் சோறு அப்பியிருந்தது, அதை மடக்கி மார்பருகே பிடித்திருந்தார். மேடையிலிருந்து அவள் அவரைப் பார்த்தாள். அவர் நடு வழியில் நடந்து வந்தார், பட்டுப்புடவைக் கால் மாதிரி, வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல். மேடையை ஒட்டி நின்றார். முதுகுகள் தாமாக விலகின.

மாப்பிள்ளை தாலியை அவள் கழுத்துக்குக் கொண்டுபோனான். புரோகிதர் வாயைத் திறப்பதற்குள் மண்டபமே மூன்று பாஷையிலும் கெட்டிமேளம் என்று கத்தியது. ஒரே ஒரு தடவை என்ற ஒப்பந்தம் காற்றில் போனது. மறுபடி அமுக்கினேன்.

தூவத்தான் பெண் வீட்டார் ஒருவரிடமும் ஒரு மணி அரிசி இல்லை. மாப்பிள்ளையின் அம்மா தன் முந்தானையிலிருந்த அட்சதையை அள்ளி அவரிடம் நீட்டினார். அவர் கூச்சத்தோடு இடது கையை நீட்டினார்.

"அது ஒத்து, வேணாம் அண்ணையா. சோத்துக் கையையே நீட்டுங்க. நம்ம சோறுதான?"

அவர் புது வேட்டியில் கையைத் துடைத்தார். விறைப்பு போய், தொடையில் ஒரு மஞ்சள் கோடு. வாங்கினார். மூன்று முடிச்சையும் கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு, மேடையேறி மகளின் தலையில் தூவினார். வெல்லத்தில் அரிசி ஒட்டிக்கொண்டது. அவர் குனிந்து பார்த்தார். அடுத்து அவர் பேசியது புரோகிதரின் மைக்கில் விழுந்து, மண்டபம், பின்கட்டு, வாசல் என எல்லாப் பெட்டிகளிலும் கேட்டது.

"தலையில என்னம்மா இம்புட்டு வெல்லம்? எறும்பு வந்துரும்லா."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. "வரட்டும்ப்பா" என்றாள். அதுவும் எல்லாப் பெட்டிகளிலும் கேட்டது.

எனக்குப் பொத்தானிலிருந்து விரலை எடுக்க முடியவில்லை. தவிலும் டோலும் ஓடிக்கொண்டேயிருக்க, புரோகிதர் மைக்கைப் பிடித்துக் கதறினார்.

"யோவ் பாட்டுக்காரரே, நிறுத்துங்கய்யா! எனக்கு இன்னும் மந்திரம் பாக்கி இருக்கு!"