காட்டைக் காக்கும் செல்லப்பன்

திருமானூர் செல்லப்பனுக்குக் கோபம் வந்தால் கை அரிவாளைத் தேடும். ஆளை ஒன்றும் செய்யமாட்டார், மரத்தைத்தான் வெட்டுவார். வேட்டியைக் கிழித்த கருவேலம், டிராக்டருக்கு வழிவிடாத பூவரசு எல்லாம் அப்படிப் போய்ச் சேர்ந்தவைதாம்.

அவர் தென்னைக்கு ஊடே கோகோ போட்டிருந்தார். கோகோவுக்காகக் காடு அழியக்கூடாதென்று, அதை வாங்கும் சாக்லேட் கம்பெனி, போயும் போயும் அவரையே மேடையேற்றி, "காட்டைக் காப்பேன், மரத்தை வெட்டமாட்டேன்" என்று உறுதிமொழி எடுக்க வைத்தது. காடு எங்கேயோ கிடக்கிறது, நமக்கென்ன என்று செல்லப்பனும் மைக்கில் முழங்கிவிட்டு வந்தார்.

மழை பிடித்ததும் கொல்லை முருங்கையில் கம்பளிப்பூச்சி அடை அடையாய் அப்பிக்கொண்டது. அதனடியில் குளித்தவருக்கு முதுகெல்லாம் தடிப்பு. அரிவாளோடு பாய்ந்தவரை மனைவி கொளஞ்சியம்மாள் மறித்தாள்.

"மைக்குல என்ன சொன்னீங்க?"

"அது காட்டு மரத்துக்குடி. இது வூட்டு மரம்!"

"எதுக்கும் கம்பெனி மேடத்த ஒரு வார்த்த கேட்டுக்கங்க."

போனில் கேட்டார். கம்பெனி அலுவலர் நந்தினி மறுநாளே வந்து நெகிழ்ந்துபோனார்.

"வூட்டு முருங்கையக்கூட எங்கள கேக்காம வெட்டலியேங்க நீங்க!"

தான் கையோடு கொண்டுவந்திருந்த, செல்லப்பன் மீசையை முறுக்கிச் சிரிக்கும் பிளக்ஸ் போர்டை, ஆணி அடித்தால் மரத்துக்கு ஆகாதென்று கயிறு போட்டு அந்த முருங்கையிலேயே கட்டிவிட்டுப் போனார்: ‘காட்டைக் காக்கும் செல்லப்பன்’.

விடிந்து பார்த்தால், படத்து மீசைமேல் இரண்டு கம்பளிப்பூச்சிகள் பக்கத்துக்கொன்றாய்ப் படுத்திருந்தன. முதுகைச் சொறிந்தபடி நின்ற செல்லப்பனிடம் கொளஞ்சியம்மாள் சொன்னாள்:

"இப்பத்தாங்க மீச எடுப்பா இருக்கு."