உப்புக் கஞ்சியும் என் இரண்டு பிள்ளைகளும்

கஞ்சி என்று டொக்டர் சொன்னபோது எனக்குக் காது பிழையாகக் கேட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மகளுக்கு அப்போது ஒரு வயதும் இரண்டு மாதமும். மாரி மழைக்குக் கிணறுகள் எல்லாம் கலங்கிக் கிடந்த காலம். முதல்நாள் தொடங்கிய வயிற்றோட்டத்தில் அவளுடைய கண்கள் குழிக்குள் போய்விட்டன. அழுதால் கண்ணீர் வரவில்லை. சாம்பல்தீவிலிருந்து முதல் பஸ்ஸில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாட்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். எல்லாம் வயிற்றோட்டம்தான்.

கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு பெண் டொக்டர் என்னிடம் ஒரு தாளோடு வந்தா. சிங்களப் பிள்ளை. தமிழை ஒவ்வொரு சொல்லாக யோசித்து யோசித்துப் பேசுவா.

"அம்மா, இந்த வருத்தத்துக்கு நாங்கள் கையில ஊசி குத்திச் சேலைன் ஏத்துறம். அரிசிமாக் கஞ்சியில அளவான உப்புப் போட்டு வாயால குடுத்தாலும் அதே மாதிரிச் சுகம் வருமா எண்டு பாக்கிறம். பாதிப் பிள்ளைகளுக்குச் சேலைன். பாதிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி. உங்கட பிள்ளைக்கு எது எண்டு எனக்கும் தெரியாது. ஒட்டின கவரைத் திறந்தால்தான் தெரியும்."

"கஞ்சி எண்டால், நாங்கள் வீட்டில காய்ச்சிற கஞ்சியோ?"

"ஓம். அதுதான்."

விருப்பமில்லாவிட்டால் சேரத் தேவையில்லை, வழமையான வைத்தியம் நடக்கும், இடையில் விலகவும் ஏலும் என்று தாளை முழுக்க வாசித்துக் காட்டினா. கஞ்சி குடிக்கும் பிள்ளைக்குக் கடுமையானால் உடனே சேலைன் ஏற்றுவோம் என்றும், சேரும் பிள்ளைகளை மணித்தியாலத்துக்கு ஒருதரம் தானே வந்து பார்ப்பேன் என்றும் சொன்னா. அத்தனை நெரிசலான வாட்டில் ஒரு டொக்டர் மணிக்கொருதரம் என் பிள்ளையிடம் வருவா என்பதற்காகவே நான் ஒப்பமிட்டேன். சேலைன்தான் வரும் என்று மனதுக்குள் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

கவரைத் திறந்தார்கள். கஞ்சி.

பக்கத்துக் கட்டிலில் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்த ஒரு தாய், மகனுக்குச் சேலைன் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்கட புள்ளக்கி ஊசி குத்தல்ல. அதுக்குச் சந்தோசப்படுங்க" என்றா. இவ்வளவு தூரம் ஓடிவந்தது கஞ்சிக்கா என்றுதான் எனக்கு இருந்தது.

குசினியிலிருந்து ஒரு ஜாடியில் கஞ்சி வந்தது. மெல்லிய, வெளிறிய கஞ்சி. நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி கொடுக்கச் சொன்னார்கள். வாட்டு நர்ஸ் மிஸ்ஸி, எவ்வளவு போகிறது என்று பார்க்க, மகளின் நனைந்த துணிகளைக்கூடத் தராசில் நிறுத்து எழுதினா. நான் கரண்டியை நிரப்பி அவளுடைய வாயருகே கொண்டுபோனேன். அதற்கு மேல் கை போகவில்லை. மகள் வாயைத் திறந்துகொண்டு கரண்டியை எட்டப் பார்த்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"ஏன் குடுக்கிறீங்கள் இல்லை?" என்று மிஸ்ஸி கேட்டா.

"ஏலாது மிஸ்ஸி. இன்னும் கூடப் போகும். முந்தி ஒரு பிள்ளை இப்பிடித்தான் போனவன்."

மகளுக்கு முன் எனக்கு ஒரு மகன் இருந்தான். இரண்டரை வயதில் அவனுக்கும் இதே வயிற்றோட்டம் வந்தது. வயிற்றைக் காயப்போட வேணும், ஒரு சொட்டுத் தண்ணியும் காட்டக்கூடாது என்று மாமியும் அயலட்டையும் சொன்னார்கள். என் தாயும் எங்களை அப்படித்தான் பார்த்தவ. எனக்கும் வேறொன்றும் தெரியாது. அவன் தண்ணி, தண்ணி என்று கேட்டான். நான் துணியை நனைத்து அவனுடைய உதட்டில் மட்டும் ஒற்றினேன். அவன் அந்தத் துணியைப் பல்லால் கவ்வி உறிஞ்சினான். அதையும் பறித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் காலையில் வாகனம் பிடிக்க ஆள் போயிருந்த நேரம் அவன் அடங்கிப்போனான். தண்ணி கொடுக்காமல் கடைசிவரை கவனமாகப் பார்த்தேன், கடவுள் எடுத்துவிட்டார் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸி போய் டொக்டரைக் கூட்டிவந்தா. டொக்டர் கட்டில் விளிம்பில் இருந்து, என் கையிலிருந்த கரண்டியை வாங்கித் தானே மகளுக்குக் கொடுத்தா. ஒன்று. இரண்டு. மூன்று. கொடுத்துக்கொண்டே சொன்னா.

"வயித்தால போறது தண்ணி, அம்மா. போற தண்ணியைத் திரும்பக் குடுக்காட்டி பிள்ளை காஞ்சு போகும். பிள்ளைகள் சாகிறது அதாலதான்."

அவ அதை மெதுவாகத்தான் சொன்னா. தமிழ் சரளமாக வராததால் வந்த நிதானம் அது. எனக்கோ ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது. வாட்டின் இரைச்சல் எல்லாம் தூரப் போனது போலிருந்தது. பிறகு டொக்டர் கரண்டியைத் திருப்பி என் கையில் வைத்தா. நான் கொடுக்கத் தொடங்கினேன். அழுகை வரவில்லை. எண்ணி எண்ணிக் கொடுத்தேன். ஒருதரம் குடித்த முழுவதையும் சத்தி எடுத்துக் கக்கினாள். பத்து நிமிடம் பொறுத்துத் திரும்பவும் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். பின்னேரம் மூன்று மணிபோல் என் மடியில் சூடாகச் சிறுநீர் கழித்தாள். மிஸ்ஸி சிரித்துக்கொண்டு அந்தத் துணியையும் நிறுக்கக் கொண்டுபோனா. அதற்குப் பிறகு மகள் அழுதபோது கண்ணீர் வந்தது.

மறுநாள் அவள் கட்டிலில் எழும்பி இருந்து, பக்கத்துப் பிள்ளையின் சேலைன் குழாயைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கும் சுகம் வந்துகொண்டிருந்தது. டொக்டர் வந்தபோது நான் கேட்டேன்.

"முந்தின பிள்ளைக்கு இதைக் குடுத்திருந்தால் இருந்திருப்பானோ?"

"அப்ப உங்களுக்கு இது தெரியாதே, அம்மா."

"நான் கேட்டது அதை இல்லை, டொக்டர்."

"இருந்திருக்கலாம்" என்றா.

அவ பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாலாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். துறைமுகத்தில் வேலைசெய்த என் கணவர் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்தார். பஸ் நிலையத்தில் சாம்பல்தீவு பஸ்ஸுக்காக இருந்தோம். மகள் என் மடியில். அவளுக்கு வருத்தம் வந்ததிலிருந்து அவர் அவளைத் தூக்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சொல்லாமல் வைத்திருக்க ஏலாமல் அங்கேயே சொன்னேன்.

"இஞ்சேருங்கோ. நான்தான் மகனைச் சாகவிட்டனான். தண்ணி குடுத்திருக்க வேணுமாம்."

அவர் எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் குடுத்தனான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நீர் கிணத்தடிக்குப் போன நேரம் அவன் என்னைப் பாத்துக் கேட்டவன். பொறுக்க ஏலாமல் அரைக் குவளை குடுத்தனான். அடுத்த நாள் போயிட்டான். நான் குடுத்ததாலதான் போனான் எண்டு இவ்வளவு காலமும்..."

மகன் போய் மூன்று வருடம். ஒரே வீட்டில், ஒரே பாயில் கிடந்தோம். பிள்ளைக்குச் சரியானதைச் செய்த ஒரேயொரு ஆள் தன்னைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு என் பக்கத்தில் கிடந்திருக்கிறார். பிழை செய்த நான் கவனமாகப் பார்த்த தாய் என்று ஊருக்குள் திரிந்திருக்கிறேன்.

"நீங்கள் செய்ததுதான் சரி" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"டொக்டர்."

அவர் நம்பவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் தனியே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டொக்டரைத் தேடிப் பிடித்திருக்கிறார். மத்தியானம் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். மகள் தவழ்ந்து போய் அவருடைய காலைப் பிடித்தாள். தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அரைக் குவளை காணாதாம், இன்னும் குடுத்திருக்க வேணுமாம். ஆனால் கெடுதல் இல்லையாம்" என்றார்.

அதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். நான் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். ஒருவரையொருவர் குறை சொல்லவில்லை.

சில மாதம் கழித்து டொக்டர் மகளின் நிறையைப் பார்க்க ஊருக்கு வந்தா. கஞ்சி குடித்த பிள்ளைகள் சேலைன் ஏற்றிய பிள்ளைகளைப்போலவே தேறினார்கள் என்று சொன்னா. ஒரு போத்தல் தண்ணிக்கு எவ்வளவு மா, எவ்வளவு உப்பு என்று என்னைக் கொண்டு அளந்து காய்ச்சுவித்து, உப்புக் கூடினால் ஆபத்து என்பதை மூன்றுதரம் சொல்லி, ஊர்ப் பெண்களுக்கு இதைக் காட்டிக் கொடுப்பீர்களா என்று கேட்டா. ஓம் என்றேன்.

வீடு வீடாகப் போனேன். நல்ல விஷயம்தானே, சந்தோசமாகக் கேட்பார்கள் என்று நினைத்தேன். எத்தனை வீடுகளில் எனக்கு நடந்தது நடந்திருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. மூன்றாவது வீட்டில் ஒருத்தி, நான் என் மகன் போன கதையையும் சொல்லி முடியும்வரை கேட்டாள். அவளுக்கும் இப்படியே ஒரு மகன் போயிருந்தான். முகம் வெளிறி, "எழும்பிப் போ" என்றாள். போனேன். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் போன பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கவில்லை. மாவையும் உப்பையும் மட்டும் காட்டினேன்.

அடுத்த மாரியில் ஒருநாள், என்னை எழும்பிப் போகச் சொன்ன அவள் எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றாள். தமக்கையின் பிள்ளைக்கு வயிற்றோட்டமாம். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. "உப்பு எவ்வளவு எண்டனீர்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். ஒருதரம் தன் வாயால் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, வேகமாக நடந்து போனாள்.