வெந்நீரில் கழுவிய சாக்ஸபோன்

என் தம்பி அலோன்ஸோ டிப்ஸ் ஐந்து வருடம் சாக்ஸபோன் வாசிக்கவில்லை. அந்த ஐந்து வருடமும் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று எங்கள் சபையில் சொல்லிக்கொண்டார்கள். அவனை அடக்கம் செய்த அன்று கொடுத்த அச்சடித்த தாளிலும் அப்படித்தான் இருந்ததாம். எனக்கு எழுத்து தெரியாது, போதகரின் மனைவி வாசித்துக் காட்டினார். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊசி போட்டுக்கொண்டான். ஹெராயின். அதை விட்டுவிட்டு அவனைப் பற்றிச் சொன்னால் அது வேறு யாரோ ஒருவனுடைய கதை. நான் செய்த ஒரு காரியமும் அதில் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வடக்குப் பிலடெல்பியாவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்று எங்களுடையது. அம்மா இறந்துபோனபோது அவனுக்குப் பதினொரு வயது, எனக்கு இருபது. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஒரு சாக்ஸபோனில்தான் பழகினான். அவன் கீழ் ஸ்வரங்களைப் பிடித்தால், ஞாயிற்றுக்கிழமை சபையின் முன்வரிசையில் உட்கார்ந்து மூத்த பெண்கள் வார்த்தையில்லாமல் முனகுவார்களே, அந்த ஜெபம் போலவே இருக்கும். மேல் ஸ்வரங்களில் பறக்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். கீழே அவ்வளவு நிதானமாக இறங்கி நிற்கிறவன் அவன் ஒருவன்தான் என்று வாசிக்கிறவர்களே சொன்னார்கள். இருபத்தோரு வயதில் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போனான்.

அப்புறம் ஆகஸ்ட் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். ரயிலைத் தவறவிட்டான், குழு அவனை விட்டுவிட்டது. பால்டிமோரில் போலீஸ் பிடித்தது. சிறையும் ஆஸ்பத்திரியும் கலந்தது போல ஒரு இடத்துக்குக் கென்டக்கிக்கு அனுப்பினார்கள். அவன் குடியிருந்த அறையின் சொந்தக்காரி சாமான்களை வாசலில் எடுத்து வைத்துவிட்டாள். நான் போய் சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பெட்டியைத் திறந்ததும் புளித்த நாற்றம். உள்ளே துணியின் மடிப்பில் அடி கருகிய ஒரு கரண்டி. எதைக் காய்ச்சிய கரண்டி என்று எனக்கும் தெரியும். அதைத் தூர எறிந்தேன். பிறகு நான் செய்ததுதான் சொல்ல வந்த விஷயம்.

நான் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். ரத்தம், ஒயின், வாந்தி, எது பட்ட படுக்கை விரிப்பானாலும் கொதிக்கிற தண்ணீர், காரச் சோப்பு, அவ்வளவுதான். போகாத கறை கிடையாது. குளியல் தொட்டியில் கொதிநீரை நிரப்பி, சோப்பைக் கரைத்து, அந்த சாக்ஸபோனை முழுசாக உள்ளே இறக்கினேன். அரை மணி நேரம் ஊறவிட்டேன். பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அடுப்புப் பக்கத்தில் காயவைத்தேன். பளபளவென்று இருந்தது. அந்தச் சனியன் அதைவிட்டுத் தொலைந்தது என்று நினைத்தேன். அந்துருண்டை போட்டு மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஐம்பத்தாறாம் வருடம் வசந்தத்தில் வந்தான். மேல் வரிசை முன்பல் இரண்டு இல்லை, கென்டக்கியில் கட்டிக்கொடுத்த செயற்கைப் பல். வந்த ஞாயிற்றுக்கிழமையே பியானோக்காரர் ஹாலிஸ் கிரியர் வீடு தேடி வந்துவிட்டார். பழைய நண்பர், அவனை லான் என்றுதான் கூப்பிடுவார். சிகாகோவுக்குப் போகிற ஒரு குழுவை அவர் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"லான், சனிக்கிழம நாலு மணி கச்சேரிக்கு வந்து எங்களோட வாசி. பசங்க ஒன்னக் கேக்கட்டும். நல்லா இருந்தா அடுத்த வாரம் ரயில் ஏறுறோம்."

"அஞ்சு வருசமாச்சுடா."

"அஞ்சு வருசம் ஓய்வெடுத்த வாய். இன்னும் நல்லா இருக்கும். வெர்னிஸ், இவன் தின்ன எதாச்சும் குடு, காத்தடிச்சா பறந்துடுவான் போல," என்றார் என்னைப் பார்த்து.

அவர் போனதும் பெட்டியைத் திறந்தான்.

"என்னக்கா, உள்ள செத்த வீட்டு அலமாரி வாசன அடிக்குது?"

"பூச்சி அரிக்கக் கூடாதுன்னு உருண்ட போட்டேன்."

"பித்தளய எந்தப் பூச்சிக்கா அரிக்கும்?" என்று சிரித்தான். புதுச் சீவாளி ஒன்றை வாயில் நனைத்துப் பொருத்தி ஊதினான். மேலே ஒரு கீச்சு வந்தது. கீழே இறங்கினான். ஸ்வரமே இல்லை, வெறும் காற்று. திரும்பத் திரும்ப ஊதினான். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தான்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. இந்த மூடிக்குள்ள தோல் வட்டம் இருக்கு பாரு, அரக்கு வெச்சு ஒட்டியிருக்கும். சூடு பட்டா அரக்கு எளகி எடம் மாறிடும். அப்புறம் காத்து ஒழுகும். இத அடுப்புகிட்ட கிடுப்புகிட்ட வெச்சியா?"

அந்த நொடியில்தான் நான் செய்தது என்ன என்று எனக்குப் புரிந்தது.

"ஒன் சாமான எவ தொட்டா? கட்டிலுக்கு அடியிலதான் கெடந்துச்சு."

அதுவரை என் வாயிலிருந்து பொய் வந்து அவன் கேட்டதே இல்லை. தலையை ஆட்டினான். நாக்கால் அந்தச் செயற்கைப் பல்லைத் தடவினான்.

"அப்ப வாய்தான்."

திங்கள், செவ்வாய், புதன். நான் வேலைக்குப் போகும்போதும் ஊதுவான், வரும்போதும் ஊதுவான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. பக்கத்து வீட்டு மிஸஸ் லாட்டிமோர் சுவரைத் தட்டி, "யாரு வீட்ல வாத்து வளக்குறீங்க?" என்று கத்தினாள். முதல் நாள் பதிலுக்கு வாத்து மாதிரியே ஊதிக் காட்டினான். மூன்றாம் நாள் குழலின் வாயில் துணியை அடைத்துக்கொண்டு ஊதினான். சாப்பாடு தட்டில் அப்படியே இருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வந்தது. நாளைக்குத் தானாகச் சரியாகிவிடும் என்று விழுங்கினேன். நான் அழுக்கைப் போக்குகிறவள், நான் போய் ஒன்றைக் கெடுப்பேனா என்ற வீம்பு. வேறு காரணம் எதுவும் இல்லை.

வியாழக்கிழமை வீட்டில் சத்தமே இல்லை.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு நான் வந்தபோது கோட்டும் தொப்பியுமாக வாசலில் நின்றான். சாக்ஸபோன் கட்டிலில் கிடந்தது.

"எங்க?"

"சிகரெட் வாங்கிட்டு வரேன்."

சட்டைப் பையில் பிரிக்காத பெட்டி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ஹெராயின் விற்கிற தெருமுனைக்குத்தான் போகிறான் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

"அக்கா, வழிய விடு."

"நான் அத கழுவிட்டேன்."

"எத?"

"அத. வெந்நீர்ல. சோப்புப் போட்டு. அரை மணி நேரம் ஊற வெச்சேன். ஒன் வாய்க்கு ஒண்ணும் இல்லடா. நான்தான் கெடுத்தேன்."

தொப்பியைக் கழற்றினான்.

"கொதிக்கிற தண்ணியா?"

"கொதிக்கிற தண்ணி."

"கஞ்சி போட்டியா?"

நான் அழுதுவிட்டேன். அவன் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "அஞ்சு நாளாக்கா," என்றான். "நான் ஊதுறத கேட்டுக்கிட்டு சும்மா இருந்தியே." பிறகு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். "இப்ப வழிய விடு."

விட்டேன். ஆனால் பின்னாலேயே நானும் நடந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முனை வந்தது. அங்கே நின்ற ஒருவன் தலையசைத்தான். என் தம்பி கொஞ்சம் நின்றான். நானும் நின்றேன். பிறகு தெருவைக் கடந்து நேராகப் போனான்.

வாத்தியங்களைப் பழுது பார்க்கும் போலந்துக்காரர் கசிமிர் ஐயாவின் கடை. அவர் விளக்கை அணைத்துவிட்டுக் குழலுக்குள் ஒரு குட்டி பல்பைக் கயிற்றில் இறக்கினார். எல்லா மூடிகளையும் மூடினார். மூடிய ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிச்சம் கசிந்தது.

"யாருப்பா இத சூப் வெச்சது?"

"எங்க வீட்ல சுத்தம் ஜாஸ்தி, சார்," என்றான். என்னைக் கை காட்டவில்லை.

எல்லாத் தோலையும் மாற்ற வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார். இரவல் சாக்ஸபோன் கேட்டுப் பார்த்தான், கிடைக்கவில்லை. சனிக்கிழமை நான்கு மணி வந்து போனது. ஹாலிஸ் வேறொருவனை அழைத்துக்கொண்டு சிகாகோவுக்கு ரயிலேறினார்.

பத்து நாள் கழித்துச் சமையலறையில் நின்று ஊதினான். கீழ் ஸ்வரம் வந்தது. முன்வரிசைப் பெண்களின் அதே முனகல். நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டான்.

"பல்லும் பாதி காரணந்தான்க்கா. இதுக்கு மேல வாய் நிக்கல. எல்லாத்தையும் நீயே கழுவித் தொலைக்கல."

அதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. என் சலவைக்கூடத்திலேயே அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். விரிப்பின் ஒரு முனை அவன் கையில், மறு முனை என் கையில், அப்படியே இருபத்திரண்டு வருடம் மடித்தோம். கூப்பிட்டவர்களுக்கு சனிக்கிழமை மாலைகளில் வாசித்தான், பெரும்பாலும் கல்யாணங்களிலும் சங்கத்து நடனங்களிலும், கால் மணி, கால் மணியாக. அவன் பெயர் போட்ட இசைத்தட்டு ஒன்றுகூடக் கிடையாது. நடுவில் இரண்டு தடவை அந்த முனைக்குப் போனான். இரண்டு தடவையும் திரும்பி வந்தான். அதையும் நான் மறைக்கவில்லை.

கழுவின பேச்சை ஒரே ஒரு தடவைதான் அவனாக எடுத்தான். விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, அந்த சனிக்கிழம நான் வாசிச்சிருந்தா சிகாகோ போயிருப்பேன்."

"தெரியும்டா."

"சிகாகோல ஒவ்வொரு தெருமுனையிலயும் என்ன விக்கிறாங்கன்னும் ஒனக்குத் தெரியும். இத்தன வருசம் உயிரோட இருந்திருக்க மாட்டேன்."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னானா, நிஜமாகவே அப்படி நினைத்தானா என்று கேட்டிருக்கலாம். கேட்க எனக்குத் தெம்பில்லை. அடுத்த விரிப்பின் முனையை எடுத்து அவன் பக்கம் நீட்டினேன்.