ஜனக்புரியில் ஒரு கேன் கடல்

பூவராகவன் எங்களுக்குக் கீழ் வீட்டில் குடியிருந்தார். முதல் சில வருஷங்கள் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய செருப்புச் சத்தம் மட்டும்தான். காலையில் கிருஷி பவன் போகும் சார்ட்டர்ட் பஸ்ஸைப் பிடிக்க இறங்குகிற சத்தம், சாயங்காலம் ஏறி வருகிற சத்தம். அப்புறம் கதவு சாத்திக்கொள்ளும். மறுநாள் காலை வரை அந்த வீட்டில் ஆள் இருக்கிறதா என்றே தெரியாது. ஜனக்புரியில் எங்கள் பிளாக்கில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. நவராத்திரி, பஜனை, சீட்டாட்டம் என்று ஒருவர் வீட்டில் ஒருவர் விழுந்து கிடப்போம். பூவராகவன் வீட்டுக்கு மட்டும் யாரும் போனதில்லை. ஒற்றை ஆள், அங்கே போய் என்ன பேசுவது?

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக்காரர். மீசை சரியாக முளைக்காத வயசில் குமாஸ்தா வேலைக்கு டில்லி வந்து, கரோல்பாக் மெஸ்ஸில் சாப்பிட்டு, வரிசையாகத் தங்கைகளுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார். அது முடிவதற்குள் தலைமயிர் கொட்டிவிட்டது. நடுவில் அவருக்கென்று வந்த இடங்களும், டில்லிக் குளிர் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நழுவிவிட்டன. சர்க்கார் வீட்டுக் குலுக்கலில் இந்த வீடு விழுந்தபோது அதில் வந்து இருக்க அவர் ஒருத்தர்தான் மிச்சம்.

ஆபீசில் அவருக்கு மீன்வளப் பிரிவு. வைஷ்ணவர், மீனைத் தொட்டது கிடையாது. ஆனால் மீனைப் பற்றி டைப் அடித்த காகிதத்தை அடுக்கினால் ஆள் உயரம் வரும். ஒரு தடவை ஆபீஸ் வேலையாக ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் இருக்கிற மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு மீனைப் பார்த்தார். அது ஒரு பூவுக்குள் குடியிருந்தது. கடல் சாமந்தி என்று பெயராம். பார்க்கத்தான் பூ, உண்மையில் பிராணி. கிட்டே போகிற மீனையெல்லாம் கொட்டும், இந்த ஒன்றை மட்டும் கொட்டாமல் மடியில் வைத்துக்கொள்ளும். பூவராகவன் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. திரும்பி வந்ததும் வீட்டில் கடல் வைப்பது என்று தீர்மானம் பண்ணிவிட்டார்.

எண்பத்தொன்றாம் வருஷம், ஜனவரியோ பிப்ரவரியோ. முதலில் கடைக்காரன் இரும்புச் சட்டம் போட்ட தொட்டியைத் தலையில் கட்டினான். உப்பு, சட்டத்தைத் தின்றுவிட்டது. ஒருநாள் மாடிப்படியெல்லாம் ஜலம். அப்புறம் இரும்பே இல்லாமல் வெறும் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டி ஒன்று செய்துகொண்டார். அடியில் ஓட்டை போட்ட தட்டு, அதன்மேல் கிளிஞ்சல் மணல், ராமேஸ்வரத்துப் பவளக் கற்கள், காற்று ஊத ஒரு சின்ன மோட்டார். உடனே மீனை விடக் கூடாதாம். தொட்டி பழக வேண்டுமாம். ஒரு மாசத்துக்கு மேல் அந்த மோட்டார் மீனே இல்லாத ஜலத்துக்குக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. கீழ்வீட்டில் ஜலத்துக்கு நித்தியப்படி ஆராதனை நடக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இதற்கெல்லாம் கடல் ஜலம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? டில்லித் தமிழர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது மெட்ராஸ் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், காப்பிப்பொடி, அப்பளம், நார்த்தங்காய் என்று ஆளுக்கொன்று சொல்லி அனுப்புவோம். போகிறவர்களும் முகம் சுளிக்காமல் சுமந்துகொண்டு வருவார்கள். நாளைக்கு அவர்களுக்கும் யாராவது சுமக்க வேண்டுமே. பூவராகவன் அதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இப்போது வாய் திறந்தார். வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கையில் கொடுத்து, வரும்போது கடல் ஜலம் கொண்டுவர முடியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். பைத்தியம் என்றுதான் நினைத்தோம். ஆனால் ரயிலில் கொண்டுவரச் சொன்னதை மாட்டேன் என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

கேன் கொண்டுவந்தவர்கள் அதை அவர் வீட்டில் கொடுக்கப் போனார்கள். அவர் உட்காரச் சொல்லி, நல்ல டிகாஷனில் காப்பி போட்டுக் கொடுத்தார். அவர்கள் கண் முன்னாலேயே ஜலத்தைத் தொட்டியில் விட்டார். அதற்குள் மண்டபத்துக்கு லீவு போட்டுப் போய், பிராணவாயு அடைத்த பையில் இரண்டு மீனும் ஒரு சாமந்தியும் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். பார்த்தவர்கள் எழுந்திருக்கவில்லை. தங்கள் ஜலம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். வேதாந்தம் என்று பாங்கில் இருந்தவர், அந்த ஆரஞ்சு மீனே தன் கேனில்தான் வந்தது என்கிற மாதிரி பேச ஆரம்பித்தார். சாயங்காலங்களில் கீழ்வீட்டிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. பூவராகவன் சிரிப்பார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மே மாசம் லூ அடித்தது. அந்த அனல் காற்றில் கொடியில் போட்ட துணி, போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். தொட்டி ஜலம் தினம் விரற்கடை குறைந்தது. பள்ளிக்கூட லீவில் போய் வந்தவர்களெல்லாம் கேன் கேனாகக் கொண்டுவந்தார்கள். குறைந்த இடத்தில் அதையே விட்டு நிரப்பினார். ஒருநாள் காலை முதல் தடவையாக என் வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"தினம் காலம்பற நீங்க பால் பையாகிட்டச் சண்டை போடறது கேக்கறது மாமி. அந்தக் கண்ணாடிக் குழாயைச் செத்த தருவேளா?"

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற பால்மானியைத்தான் சொல்கிறார். எங்கள் பால்காரப் பையா எருமையைவிடத் தண்ணீர்க் குழாயைத்தான் அதிகம் கறப்பான், அதனால் அது எனக்கு ஆயுதம். அதை நம்பிக் கொடுத்தனுப்ப மனசில்லாமல் நானே எடுத்துக்கொண்டு கீழே போனேன். சாமந்தி சுருங்கி ஒரு கல்லோடு ஒட்டிக்கிடந்தது. ஒரு மீன் மிதந்துகொண்டிருந்தது. மற்றது மூலையில் மூச்சு வாங்கியது.

கடல் ஜலம், ஏறக்குறைய நல்ல பால் நிற்கிற கோட்டில்தான் நிற்க வேண்டும் என்று மண்டபத்தில் சொல்லியிருந்தார்களாம். தொட்டியில் விட்டதும் என் பால்மானி முக்கால்வாசி வெளியே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவு உப்பு. எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டேன்.

"ரசம் சுண்டிப்போனா அதுல இன்னும் ரசத்தையா விடுவா? காத்து ஜலத்தைத்தான் கொண்டுபோறது, உப்பு அடியிலேயே நிக்கறது. வெறும் ஜலத்தை விடுங்கோ. பையா பண்றதைப் பண்ணுங்கோ."

அவர் திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். கடலில் குறைந்தால் கடலைத்தானே விட வேண்டும், டில்லிக் குழாய் ஜலத்தை விடலாமா என்று நினைத்திருக்கிறார். அத்தனை பேர் அவ்வளவு தூரம் சுமந்து வந்த ஜலம்தான் மீனைக் கொன்றது என்று அவரால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. பிடித்துவைத்து ஆறிய குழாய் ஜலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். சாமந்தி விரிந்தது, மிஞ்சின மீன் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பால்மானியை அவரிடமே விட்டுவிட்டேன். அதைத் திரும்பப் பாலில் விட எனக்கென்ன தலையெழுத்தா.

அதற்குப் பிறகும் மெட்ராஸ் போகிறவர்களிடம் கேன் கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. குறைவதற்கு வெறும் ஜலம், ஆனால் பழசை எடுத்துவிட்டுப் புதுசு மாற்றுவதற்குக் கடல் ஜலமும் வேண்டும் என்றார். எனக்கெதற்கு வம்பு. அடுத்த வருஷம் தம்பி கல்யாணத்துக்குப் போனபோது எனக்கும் ஒரு கேன் வந்தது. மூடி சரியில்லை. என் ஊதாப் புடவையின் பழைய கரையைக் கிழித்து வாயை இறுக்கிக் கட்டினேன். அப்படியும் நாக்பூர் வருவதற்குள் கசிந்து, சீர் பட்சணப் பையை நனைத்துவிட்டது. முறுக்கெல்லாம் பாழ். வழி முழுக்கப் பூவராகவனை வைதுகொண்டே வந்தேன். ஆனால் டில்லியில் அவர் கேனை இரண்டு கையாலும் வாங்கி, வடிகட்டிக் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய், வாளியோடு வந்து என் கண் முன்னால் தொட்டியில் விட்டபோது, கோபம் போய்விட்டது. அந்த மீன் என் கடலில் நீந்துகிறது என்று எங்கள் மாடிப்படியில் எல்லாரிடமும் நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில் அவருக்குக் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். சாவியை என்னிடம் கொடுத்தார். கோடு வரை வாளி ஜலம் விட வேண்டும், தினம் ஒரு சிட்டிகை காய்ந்த இறால் போட வேண்டும். இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டு, மேலே வந்து தலைக்குக் குளித்தேன். என் பிராமணத்துவம் ஒரு மீனால் பட்ட பாடு பெருமாளுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் அந்த வீட்டைச் சரியாகப் பார்த்தேன். சமையலறையில் ஒரே ஒரு தட்டு. பக்கத்தில் புதுசாக அரை டஜன் டபரா டம்ளர். வாளி தேடிப் பின் பால்கனிக்குப் போனால், கோணிப் படுதாவுக்குப் பின்னால் சுவரோரமாக வெள்ளைக் கேன்கள். அத்தனையும் நிரம்பியிருந்தன. சிலதின்மேல் தூசி படிந்திருந்தது. முன்வரிசையில் ஒன்று, வாயில் என் ஊதாக் கரை, நான் போட்ட முடிச்சு அப்படியே.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. முறுக்கைப் பாழாக்கிக்கொண்டு நான் சுமந்து வந்ததை இவர் மூடிகூடத் திறக்கவில்லை. அன்றைக்கு என் முன்னால் விட்டது டில்லிக் குழாய் ஜலம். அந்த ஆள் ஆஸ்பத்திரியிலிருந்து வரட்டும் என்று கறுவிக்கொண்டே இருந்தேன்.

வந்தார். பாதி ஆளாக வந்தார். குழைய வடித்த சாதமும் மோரும் கொண்டுபோய் வைத்துவிட்டு, பால்கனியைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மாசத்துக்கு ஒரு கேன் மாற்றினால் போதும், பிராணிகளுக்கு மண்டபத்தில் கற்றுக்கொடுத்த கணக்கு அது என்று மெதுவாகச் சொன்னார். அதற்கு மேல் விட்டால் மறுபடி உப்பு ஏறிவிடுமோ என்று பயம். கொண்டுவந்தவர்களுக்கோ விடுவதைப் பார்க்க வேண்டும். அதனால் இப்படி.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு எல்லாரையும் சுமக்க வைக்கறேள்?" என்றேன்.

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறுங்கையோட யார் மாமி வருவா?"

 அந்த மனுஷனை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. சாதம் ஆறுகிறது, சாப்பிடுங்கோ என்று அதட்டிவிட்டு மேலே வந்தேன். எங்கள் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆனால் நானும் லேசில் விடுகிறவளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேண்டுமென்றே வெறுங்கையோடு போய்க் கதவைத் தட்டினேன். திறந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். என்ன மாமி, ஏதாவது வேணுமா என்று கேட்டார். ஒன்றுமில்லை, சும்மாத்தான் வந்தேன் என்றேன். உள்ளே வரச் சொல்லவே அவருக்கு நேரமாயிற்று. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, எதற்காக வந்தேன் என்று நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டே இருந்தார். காப்பி போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மீன் மட்டும் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது.  கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த மே மாசம் மெட்ராஸ் போனேன். கிளம்புகிற அன்றைக்கு மெரினாவுக்குப் போய், புடவை முழங்கால் வரை நனைய, ஒரு கேன் ஜலம் மொண்டுகொண்டேன். யார் கேட்டார்கள் என்று எங்கள் வீட்டுக்காரர் கத்தினார். மூடியை இறுக்கிக் கட்டி, ரயிலில் என் காலடியிலேயே வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை ஒரு சொட்டுக் கசியவில்லை.

பூவராகவன் கதவைத் திறந்தார். கேனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. வாங்கோ மாமி, உக்காருங்கோ என்றார். கேனை உள்ளே எடுத்துப் போனார். பால்கனிக் கதவு திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் கேட்டன. காப்பி வந்தது. அப்புறம் வாளியோடு வந்து, என் கண் முன்னால் மெதுவாகத் தொட்டியில் விட்டார். வாளி காலியாகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் ஜலம் நன்னாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். இன்னும் அரை டம்ளர் காப்பி விடட்டுமா என்று கேட்டார். விடுங்கோ என்றேன்.