ஆணோ பெண்ணோ என்று கேட்ட கடைக்காரர்

எங்கள் அறுவடை மெசினின் ஹைட்ரோலிக் ஹோஸ், அதாவது ஒயில் குழாய், மெசின் சும்மா நிற்கும் நாளில் ஒருபோதும் வெடிக்காது. அந்தக் காலபோக அறுவடையிலும் அப்படித்தான். அக்கராயனில் எங்கள் மூன்று ஏக்கரில் பாதி வெட்டியாகிவிட்டது. மிச்சத்தின் நடுவே ஹோஸ் வெடித்து, வெட்டும் தலையைத் தூக்க முடியாமல் மெசின் நின்றுவிட்டது. இரணைமடுப் பக்கம் வானம் கறுத்திருந்தது. மழை விழுந்தால் நெல் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும்.

ஹோசைக் கழற்றினேன். ஒரு முனை பிற்றிங்கோடு, அதுதான் திருகிப் பூட்டும் இரும்பு இணைப்போடு, வந்தது. மற்ற முனை மொட்டையாக உருவிக்கொண்டு வந்தது. அதன் பிற்றிங் தலையைத் தூக்கும் சிலிண்டரிலேயே இருந்துவிட்டது. ஹோசை மட்டும் எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் பறந்தேன்.

பிற்றிங் தெரிவுசெய்வதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அரை இஞ்ச் என்று பெயர் இருந்தாலும் அடிமட்டத்தால் அளந்தால் முக்காலுக்கு மேல் காட்டும். அது தெரியாமல் முக்கால் கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் நான். வெளியே திருகுப் புரி இருந்தால் ஆண், உள்ளே இருந்தால் பெண். தண்ணீர் மோட்டருக்குச் சுற்றுவது போல சீல் டேப்பைச் சுற்றி இறுக்கினால் இங்கே சரிவராது. பிற்றிங் முனைகளின் கூம்பு கூம்போடு உட்கார வேண்டும். புரி ஏறிவிட்டது என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை.

கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். நேர் பிற்றிங், வளைவுப் பிற்றிங் என்று ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். நான் நேரைத் தொட்டேன். அதற்குள் மனைவியின் அழைப்பு: மகளுக்கு வலி கண்டுவிட்டது.

"போட்டு வையுங்கோ தம்பி, வாறன்" என்று ஆசுபத்திரிக்கு ஓடினேன்.

நான் மூன்று பெண்களைப் பெற்றவன். பேரனாவது மெசின் ஓட்ட வருவான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். மனைவியின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டிருந்தது. என்னுடையதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு மணித்தியாலம் கழித்து வெளியே வந்து, "பேத்தி" என்றாள். முகமெல்லாம் ஈரம்.

"ஓம், நல்லது" என்றேன். அவ்வளவுதான். மழை வரப்போகிறது என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். பிள்ளையைக் காட்டு என்று கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கடையில் ஹோசைப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்க்காமல் வயலுக்குக் கொண்டுபோனேன். சிலிண்டரில் இருந்த பழையதைக் கழற்றினால் அது ஆண். புதிய ஹோசின் இரண்டு முனையும் பெண். கடைக்காரரை அழைத்துக் கத்தினேன்.

"ஆணெல்லோ வேணும்!"

"அண்ணை, உங்கட போனுக்கு எடுத்துக் கேட்டனான். அக்காதான் கதைச்சவா. ஆணோ பெண்ணோ எண்டு கேட்க, பெண் எண்டு சொன்னவா. வடிவாச் சொல்லுங்கோ எண்டு திருப்பிக் கேட்டன். பெண்தான், பெண்தான் எண்டு அழுதழுது சொன்னவா. ஒரு பிற்றிங்குக்கு ஆரும் அழுவினமோ எண்டு நானும் யோசிச்சனான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதழுது என்ற சொல் அப்படியே நெஞ்சில் இறங்கியது. அவள் அப்படிக் கொண்டாடிய செய்திக்குத்தான் நான் மழையைக் காரணம் காட்டிவிட்டு வந்திருந்தேன்.

இரண்டு பக்கமும் ஆண் புரி வைத்த நிப்பிள் என்ற இணைப்புத் துண்டு ஒன்றை மோட்டார் சைக்கிளில் கடைக்காரரே கொண்டுவந்தார். பூட்டினோம். ஒரு சொட்டு ஒயில் கசியவில்லை. கடைசி வரியை வெட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. நெல் தப்பியது.

நனைந்த சட்டையோடு ஆசுபத்திரிக்குப் போனேன். பார்வையாளர் நேரம் முடியச் சற்று முன்னர்தான் உள்ளே விட்டார்கள். மனைவி பேத்தியை மடியில் வைத்திருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, மாத்தித் தரச் சொல்லி வந்தனீங்களோ?"

துவாயால் கையைத் துடைத்துவிட்டு நீட்டினேன். பிள்ளை என் முழங்கை மடிப்பில் தலையை வைத்து, கொஞ்சம் நெளிந்து, அப்படியே அடங்கிவிட்டது.

"இல்லையப்பா," என்றேன், "இது பொருந்தியிட்டுது."