பெரியம்மா சொல்லாத பெயர்

பெரியப்பா ஊர் திரும்பிய தேதி என்னிடம் இல்லை. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பிறகுதான் வந்தது. அறுபதுகளின் முற்பகுதி, நான் மூன்றாம் வகுப்பு, காட்டில் பருத்தி எடுத்து முடித்து, காய்ந்த செடியான மாரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு மட்டும் உறுதி.

அப்பாவின் அண்ணன் அவர். நான் பிறப்பதற்கு முன்பே பட்டாளத்துக்குப் போய், சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டவர். கைதியாக இருக்கிறார் என்று ஒரு தகவல் வந்தது. அதோடு சரி. சண்டை முடிந்து மற்றவர்கள் திரும்பினார்கள், அவர் வரவில்லை. ஊர் அவரைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டது, பெரியம்மா சேர்க்கவில்லை. குங்குமமும் தாலியுமாக எங்கள் வீட்டிலேயே இருந்தார். புல்லில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம் என்று சின்னத்தாத்தா வருடம் தவறாமல் சொல்வார்.

"புல்லுக்கெல்லாம் நான் தாலியறுக்க முடியாது மாமா. அவுக வரட்டும்" என்பார் பெரியம்மா.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது நம்பிக்கை. பெரியம்மா இதில் மகா கறார். திருச்சுழி தாலுகா ஆபீசில் யாராவது கேட்டால் என்னை முன்னே தள்ளி, "பெரியப்பா பேரைச் சொல்லு தாயி" என்பார். நான் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல உரக்கச் சொல்வேன். பார்த்தேயிராத ஒருவரின் பெயரை அந்த வீட்டில் அதிகம் உச்சரித்தவள் நான்தான்.

ஒருநாள் காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டை நூல் வியாபாரி ஒருவர் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். கூடவே பந்தல்குடி மாமா, பெரியம்மாவின் தம்பி. மலேயாப் பெட்டி என்று கேட்டதும் உள்ளே வாசனைச் சோப்பு இருக்கும் என்று முடிவு செய்து, நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

வியாபாரி சொன்னது இதுதான். அவருடைய அண்ணன் வேலை பார்க்கும் ரப்பர் தோட்டத்தை ஒட்டி யுத்தக் கைதிகள் முகாம் இருந்திருக்கிறது. முகாம் கலைந்த பிறகு, ஒரு மண்மேட்டின் மேல் பித்தளைச் செம்பு ஒன்று கவிழ்ந்து கிடந்ததாம். அதில் ஒரு பெண்ணின் பெயரும் பந்தல்குடி என்ற ஊரும் வெட்டியிருந்தன. யாரோ நம் ஊர்ப் பொம்பளை, பாவம் என்று தோட்டத்துத் தமிழர்கள் வருஷந்தோறும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். இப்போது அந்த நிலத்தில் ரப்பர் கன்று நடப்போகிறார்கள். அதனால் எலும்புகளை எடுத்து, செம்போடு, ஊருக்குப் போகிற ஒருவர் மூலம் இந்தத் தம்பிக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

மாமா குறுக்கே புகுந்தார். "நேரா நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னு, இந்தப் பேருள்ள அம்மா மலேயாவுல தவறிட்டாகன்னு சொல்றாரு! ஏன்யா, எங்க அக்கா நேத்துத்தான்யா வந்து கருவாடு வாங்கிட்டுப் போச்சுன்னு சண்டைக்கே போயிட்டேன்."

செம்பு பெரியம்மாவின் கல்யாணச் சீரில் வந்தது. சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரைத்தானே வெட்டுவோம்? பெரியப்பா பட்டாளத்துக்குக் கொண்டுபோனது அதைத்தான்.

பெரியம்மா செம்பை மடியில் வைத்துத் தடவினார். "எம்பேருல மஞ்சளும் குங்குமமும் வாங்கிக்கிட்டுப் படுத்திருந்தாகளாக்கும்" என்று சிரித்தார். கண்ணீர் தாடையில் சொட்டியது.

சின்னத்தாத்தா மட்டும் ஒப்பவில்லை. "செம்பு கைமாறியிருக்கும்லத்தா? எவன் எலும்பையோ கொண்டாந்து வச்சு நம்ம அழவா?"

பெரியம்மா பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியைப் பிரித்தார். சோப்பு இல்லை. கால் எலும்பு ஒன்றை எடுத்து விரலால் உருவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். அந்த இடம் முடிச்சுப்போலப் புடைத்திருந்தது.

"கெணத்துல கமலை எறைக்கிற மாடு ஒதச்சு ஒடைஞ்ச காலு. கட்டுப் பிரிச்சதுக்கப்புறம் தெனம் எண்ணெய் போட்டு உருவிவிட்டவ நான். இந்தா, தொட்டுப் பாருங்க மாமா."

சின்னத்தாத்தா தொட்டார். கையை எடுக்கவேயில்லை. "நம்ம பயதான்" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. அதனால் எங்கள் பருத்திக்காட்டிலேயே அடக்கம் செய்யவேண்டும் என்றார் பெரியம்மா. நினைத்தபோது போய் வரலாமே. அதற்குச் சின்னத்தாத்தாவே முன்னின்று குழி வெட்டச் சொன்னார். பெரியம்மா தாலியைத் தானே கழற்றித் துணிக்குள் வைத்தார். எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம்.

பிறகு கல் நடுகிறவர் கேட்டார்: "கல்லுல என்ன பேரு வெட்டணும்?"

வழக்கப்படி நான் முன்னால் போய் வாயைத் திறந்தேன். பெரியம்மா தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி அவரே சொன்னார். பெரியப்பாவின் பெயரை, முழுசாக.

பெரியப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று பதறிப்போய் நான் புதுமண்ணைப் பார்த்தேன். பெரியம்மா நிறுத்தவில்லை. கல் நடுகிறவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். ஆனாலும் இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.