என் படிப்புக்காக வந்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது என் படிப்பைச் சாக்காக வைத்துத்தான். உண்மையில் அதற்கு ஆசைப்பட்டவர் அப்பா. ஆபீசில் கணக்கெழுதும் வேலை அவருக்கு. மதியம் சாப்பிட்டதும் அங்கிருந்த கம்ப்யூட்டரில் தானாகவே ப்ரோக்ராம் எழுதப் பழகியிருந்தார். திரையில் ஒரு பந்து ஓடும், சுவரில் முட்டித் திரும்பி வரும். அவ்வளவுதான். அதைச் சொல்லும்போதே அவருக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். புது மேனேஜர் வந்து அதற்கும் தடை போட்டார்.

தாராவியில் எங்களுடையது ஒற்றை அறை. அதற்குள் ஒரு டப்பா நுழைவதென்றாலும் அம்மா சம்மதிக்க வேண்டும். தலை நரைக்கிற வயதில் தனக்கென்று விளையாட்டுச் சாமான் கேட்க அப்பாவுக்குக் கூச்சம். அதனால் என்னைப் பிடித்தார். கேம் ஆடலாம் என்றதும் நான் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

“ப்ரோக்ராமிங் படிக்கணும்மா” என்றேன்.

“அப்படின்னா என்னட்டி?” என்றாள் அம்மா.

“பந்து சொவத்துல முட்டித் திரும்பி வரும்.”

அம்மா என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் ஓடாத மின்விசிறியைப் பார்த்தார். “சரி, ஞாயித்துக்கெழம போவோம்” என்றாள்.

புதிது எங்களுக்கு எட்டாது. கம்பெனிகள் கழித்ததைத் துடைத்து விற்கும் குர்லா கடைக்குப் போனோம். மெமரி கூடுதலான பெட்டிதான் வேண்டுமென்று அப்பா பிடிவாதமாக நின்று வாங்கினார். மிச்சப் பணத்துக்குச் சின்ன மானிட்டரும் ஸ்பீக்கரும் வாங்கலாம், இல்லையென்றால் பெரிய மானிட்டர் மட்டும். சத்தமில்லாமல் என்ன கேம்? நான் ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“புள்ள ஆசப்படுது. சின்னதே போதும்” என்ற அப்பா, அந்தச் சின்னத் திரையைப் படிக்க மூக்கு முட்டுமளவு குனிந்தார்.

அம்மா கடைக்காரரிடம் இந்தியில், “படா வாலா தோ பையா. பச்சி கி ஆங்க் கம்ஜோர் ஹை” என்றாள். பிள்ளைக்குக் கண் பார்வை குறைவாம், பெரியதுதான் வேண்டுமாம்.

ஆட்டோவில் வழி நெடுக அழுதேன். ஸ்பீக்கர் போனதைவிட அந்தப் பொய்தான் தாங்கவில்லை. தூரத்துக் கடைப் பலகைகளையெல்லாம் கடகடவென்று படித்துக் காட்டினேன்.

“ஒனக்கு நல்லாத் தெரியும்ட்டி. யாரு இல்லன்னா?” என்றாள் அம்மா.

பின் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்பாவிடம் முறையிட்டேன். அவர் மடியிலிருந்த மானிட்டரை இன்னும் இறுக அணைத்துக்கொண்டார். நான் சொன்ன பொய்யும் அம்மா சொன்ன பொய்யும் ஒரே ஆளுக்காகத்தான் என்பது அன்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.